பூமிக்கு அடியில் பார்ப்பவர் யார் பக்கம்?

கிணறு வெட்டுவதற்கு முன் நம் ஊரில் என்ன செய்வார்கள்?

நீரோட்டம் பார்ப்பவரை அழைத்து வருவார்கள். அவர் உள்ளங்கையில் ஒரு தேங்காயைப் படுக்க வைத்துக்கொண்டு வயலில் நடப்பார். சிலர் கவட்டை போன்ற வேப்பங்குச்சியைப் பிடித்துக்கொண்டு நடப்பார்கள். தேங்காய் எழுந்து நின்றால், "இங்கே வெட்டுங்கள்" என்பார். தண்ணீர் வந்தால் அவருக்குப் பெயர். வராவிட்டால் நமக்குக் கடன்!

எண்ணெய்க்கும் அப்படி ஒருவர் உண்டு. அவர் கையில் தேங்காய் இல்லை. பூதக்கண்ணாடியும் கம்ப்யூட்டரும் வைத்திருக்கிறார். பத்தாயிரம் அடி ஆழத்தில் என்ன இருக்கிறது என்று சொல்வது அவர் தொழில். பழைய நாளில் பூகர்ப்ப சாஸ்திரி என்றார்கள். இப்போது நிலவியல் நிபுணர் என்கிறார்கள்.

தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறை ஜில்லாக்களில் 2010-ம் ஆண்டு முதல் ஒரு சண்டை நடக்கிறது. மீத்தேன் சண்டை என்றார்கள். பிறகு ஹைட்ரோகார்பன் சண்டை என்றார்கள். உண்ணாவிரதம், மறியல், கைது, வழக்கு எல்லாம் பார்த்தாயிற்று. சண்டை முழுவதும் பூமிக்கு அடியில் இருப்பதைப் பற்றித்தான். அடியில் என்ன இருக்கிறது? எடுத்தால் மேலே உள்ள தண்ணீருக்கும் நெல்லுக்கும் என்ன ஆகும்? இதைச் சொல்லத் தெரிந்தவர் அந்த நிபுணர்தான்.

அவர் யாரிடம் கூலி வாங்குகிறார்? இதைப் பற்றி அதிகம் பேர் யோசிப்பதில்லை.

வரப்பும் வயலும்

நமது வயலுக்கு அடியில் முதலில் இருப்பது வண்டல். காவிரி கொண்டுவந்து கொட்டியது. அதற்குக் கீழே மணலும் மணற்பாறையும். ஆழ்குழாய்க் கிணற்றுக்குத் தண்ணீர் தருவது இதுதான். அதற்கும் கீழே போனால் கதை வேறு.

சுமார் 14 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தியாவும் அண்டார்டிகாவும் ஒரே நிலமாக ஒட்டியிருந்தன. அந்த நிலம் பிளந்தது. பிளந்த இடத்தில் ஒரு மேடு, ஒரு பள்ளம், மறுபடி ஒரு மேடு, மறுபடி ஒரு பள்ளம் என்று உண்டாயிற்று. வரப்பும் வயலும் போல என்று நினைத்துக்கொள்ளுங்கள். ஆனால் இந்த வரப்பின் உயரம் பல ஆயிரம் அடி!

கும்பகோணத்துக்கு அடியில் ஒரு மேடு. தரங்கம்பாடிக்கு அடியில் ஒரு பள்ளம். காரைக்காலுக்கு அடியில் மேடு. நாகப்பட்டினத்துக்கு அடியில் பள்ளம். மேலே பஸ்ஸில் போனால் எல்லாம் சமதரை.

பள்ளங்களில் சேறு நிரம்பியது. கடல் உள்ளே வந்தது. செத்த சிற்றுயிர்களும் இலை தழைகளும் சேற்றில் புதைந்தன. மேலே மண் அமுக்கியது. அடியில் பூமியின் சூடு வேகவைத்தது. நெல்லைப் புழுக்குவது போலத்தான். கோடிக்கணக்கான ஆண்டுகள் புழுங்கியதும் அது எண்ணெயாகவும் வாயுவாகவும் ஆயிற்று.

கடல் வந்தது என்பதற்குச் சாட்சி வேண்டுமா? அரியலூருக்குப் போங்கள். சுண்ணாம்புக் கல் சுரங்கங்களில் கிளிஞ்சலும் சங்கும் கல்லாகிக் கிடக்கின்றன.

இந்தப் பாறைகளுக்கு நிபுணர்கள் வைத்திருக்கும் பெயர்களைக் கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள். ஆண்டிமடம் பாறை. புவனகிரிப் பாறை. நன்னிலம் பாறை. கமலாபுரம் பாறை. எல்லாம் நம் ஊர்ப் பெயர்கள்! அமெரிக்காவில் உட்கார்ந்து காவிரிப் படுகையைப் பற்றி எழுதும் வெள்ளைக்காரரும் "நன்னிலம்" என்றுதான் எழுதியாக வேண்டும். ஊரின் பெயர் உலகம் சுற்றுகிறது. நன்னிலத்தில் எத்தனை பேருக்கு அது தெரியும்?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்திய நிலவியல் ஆய்வுத் துறை வெள்ளைக்காரர்கள் தொடங்கியது. 1951-ல் அதன் தலைவராக முதல் முறையாக ஓர் இந்தியர் வந்தார். அவர் டாக்டர் எம்.எஸ்.கிருஷ்ணன். தஞ்சைச் சீமையில் பிறந்தவர். இந்தியாவின் பாறைகளைப் பற்றி அவர் எழுதிய புத்தகத்தைப் படிக்காமல் அந்தக் காலத்தில் யாரும் நிலவியல் பட்டம் வாங்க முடியாது. பூமியைப் படிக்கும் கலை நமக்குப் புதிது அல்ல.

எண்ணெய்-இயற்கை எரிவாயுக் கழகம் 1956-ல் ஏற்பட்டது. 1960-களில் அது காரைக்காலில் ஆழமாகத் துளை போட்டுப் பார்த்தது. 1980-களில் நரிமணத்தில் எண்ணெய் கிடைத்தது. பிறகு கோவில்களப்பால், கமலாபுரம், அடியக்கமங்கலம், குத்தாலம் என்று கிணறுகள் பெருகின. 1993-ல் நாகை அருகே ஒரு சிறிய சுத்திகரிப்பு ஆலையும் வந்தது. அதன் இடத்தில் பெரிய ஆலை கட்ட 2021-ல் பிரதமர் அடிக்கல் நாட்டினார். குத்தாலத்திலும் திருமாக்கோட்டையிலும் இந்த மண்ணின் வாயுவை எரித்து மின்சாரம் செய்ய நிலையங்கள் அமைத்தார்கள்.

அதாவது, டெல்டாவில் எண்ணெய் எடுப்பது நேற்று வந்த விஷயம் அல்ல. துளை போட்டுத் தேடத் தொடங்கி அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகிறது.

நாள் கூலி நிபுணர்

நிலவியல் நிபுணர் என்ன வேலை செய்கிறார்?

முதல் வேலை, பூமியைத் தட்டிப் பார்ப்பது. பானை வாங்கும்போது பெண்கள் தட்டிப் பார்க்கவில்லையா? அதே வித்தைதான். சிறு குழி போட்டு அதில் வெடி வைக்கிறார்கள். அல்லது பெரிய லாரியைக் கொண்டு தரையை அதிர வைக்கிறார்கள். சத்தம் கீழே போய்ப் பாறைகளில் மோதித் திரும்புகிறது. எத்தனை நேரத்தில் திரும்பியது என்று நூற்றுக்கணக்கான கருவிகள் கணக்கு எடுக்கின்றன. அந்தக் கணக்கை வைத்து அடியில் உள்ள மேடு பள்ளங்களைப் படமாகப் போடுகிறார்கள். நெல் வயலில் இதைச் செய்ய நல்ல சமயம், சம்பாவும் தாளடியும் அறுத்த பிறகு, மேட்டூர் திறப்பதற்கு முன். அதனால்தான் கோடையில் வயலில் ஒயர் போடும் ஆட்களைக் கண்டால் ஊரே கூடிவிடுகிறது!

அடுத்த வேலை, கிணறு தோண்டும் இடத்தில். இரும்பு உளி கீழே பாறையை அரைக்கிறது. அரைத்த துகள் சேற்றுக் குழம்போடு மேலே வருகிறது. நிபுணர் அதை எடுத்துக் கழுவிப் பூதக்கண்ணாடியில் பார்க்கிறார். பிறகு இருட்டுப் பெட்டியில் வைத்து ஊதா விளக்கைக் காட்டுகிறார். எண்ணெய் இருந்தால் துகள் பளபள என்று ஒளி விடும். இரவு இரண்டு மணிக்கும் இந்த வேலை உண்டு. உளி நிற்காது. அவரும் தூங்க முடியாது.

இவர்களில் பலர் எந்தக் கம்பெனியிலும் மாதச் சம்பளக்காரர்கள் அல்ல. தனியாகத் தொழில் செய்கிறவர்கள். சிலர் பெரிய கம்பெனிகளில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள். டெலிபோன் வரும். "அசாமில் ஒரு கிணறு. நாற்பது நாள் வேலை. வருகிறீர்களா?" பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்புவார். அடுத்த அழைப்பு ராஜஸ்தானிலிருந்து வரும். அல்லது வளைகுடா நாட்டிலிருந்து. நாளுக்கு இவ்வளவு என்று கூலி. நல்ல கூலிதான். ஆனால் வேலை இல்லாத நாளில் ஒன்றும் இல்லை.

எண்ணெய் விலை விழுந்தால் முதலில் அடி வாங்குவது இவர் வயிறுதான். 2014-ல் விலை சரியத் தொடங்கியது. கம்பெனிகள் கிணறு தோண்டுவதைக் குறைத்தன. 2020 ஏப்ரல் 20-ந் தேதி அமெரிக்கச் சந்தையில் ஓர் அதிசயம் நடந்தது. எண்ணெய் வாங்குகிறவருக்கு விற்கிறவர் பணம் கொடுக்கும் நிலை வந்தது! உலகம் எங்கும் தனி நிபுணர்களின் டெலிபோன் அடங்கிப் போயிற்று.

அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும், திருச்சி தேசியக் கல்லூரியிலும், சென்னை மாநிலக் கல்லூரியிலும் இந்தப் படிப்பு இருக்கிறது. நம் பிள்ளைகள் படிக்கிறார்கள். படித்து முடித்ததும் யாரிடம் போவது? தோண்டுகிறவரிடம். வேறு யார் கூலி கொடுக்கிறார்கள்?

"தனி நிபுணர்" என்ற பெயரில்தான் குழப்பமே இருக்கிறது. தனி என்றால் மாதச் சம்பளம் இல்லை என்று அர்த்தம். எந்தப் பக்கமும் சேராதவர் என்று அர்த்தம் இல்லை. அன்றாடம் கூலி கொடுப்பவர் கம்பெனிதான். அவர் பார்த்ததும் எழுதியதும் கம்பெனியின் சொத்து. வெளியே சொல்ல மாட்டேன் என்று கையெழுத்துப் போட்ட பிறகுதான் வேலையே. இதில் அவரைக் குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை. வக்கீல் தன் கட்சிக்காரர் ரகசியத்தை வெளியே சொல்வாரா?

ஆனால் கோர்ட்டில் எதிர்க் கட்சிக்கும் ஒரு வக்கீல் உண்டே! டெல்டா விவசாயிக்கு அப்படி ஒரு நிபுணர் எங்கே இருக்கிறார்?

மூன்று பூதங்கள்

நிபுணர் இல்லாத இடத்தில் என்ன நடக்கும்? வதந்தி நடக்கும்.

மீத்தேன், ஹைட்ரோகார்பன், ஷேல் என்று மூன்று பெயர்கள் அடிபடுகின்றன. மூன்றும் ஒன்று என்றே பலர் நினைக்கிறார்கள். ஒன்று அல்ல.

முதலாவது, நிலக்கரி மீத்தேன். மன்னார்குடி வட்டாரத்தில் அடியில் பழுப்பு நிலக்கரி இருக்கிறது. அதில் வாயு ஒட்டிக்கொண்டிருக்கிறது. தண்ணீரின் அழுத்தம் அதை அமுக்கி வைத்திருக்கிறது. வாயு வெளியே வரவேண்டுமானால் முதலில் அந்தத் தண்ணீரை இறைக்க வேண்டும். நாள் கணக்கில் அல்ல, மாதக் கணக்கில், ஆண்டுக் கணக்கில். நெய்வேலியில் சுரங்கத்துக்குள் ஊற்று பொங்காமல் இருக்க இரவு பகலாகத் தண்ணீர் இறைப்பதை நாம் பார்க்கிறோம். நெல் விளையும் பூமியில் அதைச் செய்தால் என்ன ஆகும் என்று ஜனங்கள் பயந்தது நியாயமான பயம்.

இரண்டாவது, சாதாரண எண்ணெயும் வாயுவும். நரிமணத்தில் எடுப்பது இதுதான். ஆயிரக்கணக்கான அடி ஆழத்தில் மணற்பாறையின் துளைகளில் இருக்கிறது. குழாயை இறக்கினால் பெரும்பாலும் தானே மேலே வருகிறது. வயல் தண்ணீரை வற்ற வைக்க வேண்டியது இல்லை. இதில் ஆபத்து வேறு விதம். குழாய் உடையலாம். குழாயைச் சுற்றிப் பூசும் சிமெண்டு விரியலாம். எண்ணெயோடு வரும் உப்புத் தண்ணீரைக் கண்ட இடத்தில் விடலாம்.

மூன்றாவது ஷேல். இறுகிய களிப்பாறையைத் தண்ணீரை வேகமாகச் செலுத்திப் பிளப்பது. ஒரு கிணற்றுக்கே ஏராளமான தண்ணீர் வேண்டும். தண்ணீருக்குத் தமிழ்நாடும் கர்நாடகமும் கோர்ட்டில் நிற்கும் காவிரிக் கரையில் இது பேசத் தக்க பேச்சு அல்ல.

நடந்ததைப் பாருங்கள்.

2010 ஜூலையில் கிரேட் ஈஸ்டர்ன் எனர்ஜி என்ற கம்பெனிக்கு மன்னார்குடி மீத்தேன் கிடைத்தது. பரப்பு 691 சதுர கிலோ மீட்டர். நம் கணக்கில் சுமார் 25 ஆயிரம் வேலி! 2011 ஜனவரியில் மாநில அரசாங்கமும் ஒப்பந்தம் போட்டது. வயலில் இருந்தவர்களுக்கு விஷயம் மெதுவாகத்தான் தெரிந்தது. விவசாய விஞ்ஞானி நம்மாழ்வார் ஊர் ஊராக நடந்து எடுத்துச் சொன்னார். அந்தப் பிரசாரத்திலேயே 2013 டிசம்பர் 30-ந் தேதி பட்டுக்கோட்டை அருகே உயிர் விட்டார். 2013-ல் அரசாங்கம் நிபுணர் குழு போட்டது. 2015 அக்டோபரில் மீத்தேன் திட்டத்துக்குத் தடை வந்தது.

ஒப்பந்தம் 2010-ல். நிபுணர் குழு 2013-ல். பெண் பார்ப்பதற்கு முன்பே தாலி கட்டியது போல இல்லையா?

2017 பிப்ரவரியில் புதுக்கோட்டை ஜில்லா நெடுவாசல். மத்திய மந்திரிசபை அனுமதி கொடுத்த செய்தி பத்திரிகையில் வந்தது. மறுநாளே ஜனங்கள் கூடிவிட்டார்கள். ஊரோடு பேசாமல் டில்லியில் முடிவு செய்தது பெரிய பிசகு. அதே சமயம், நெடுவாசலில் எடுக்கப் போவது மீத்தேனா, எண்ணெயா, எத்தனை அடி ஆழம் என்பதில் பந்தலில் பேசியவர்களே ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். சொல்லிக் கொடுக்க யாரும் இல்லை.

பிறகு கதிராமங்கலம். தஞ்சை ஜில்லா, திருவிடைமருதூர் தாலுகா. கம்பரின் குடிசைக்கு அம்மன் நெற்கதிரால் கூரை வேய்ந்தாள், அதனால் அந்தப் பெயர் என்று ஊரார் கதை சொல்வார்கள். 2017 ஜூன் 30-ந் தேதி அங்கே வயலில் புதைத்த எண்ணெய்க் குழாய் கசிந்தது. ஜனங்கள் திரண்டார்கள். போலீசார் தடியடி நடத்தினார்கள். பேராசிரியர் ஜெயராமன் உள்பட பலர் கைதானார்கள். தண்ணீர் கெட்டுவிட்டது என்றார்கள் ஊரார். கெடவில்லை என்றது எண்ணெய்க் கழகம். நடுவில் நின்று, "இதோ பரிசோதனை, இதோ முடிவு" என்று இரு தரப்பும் நம்பக்கூடிய ஒருவர் சொல்லியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!

ஒரு விவசாயியும் ஒரு கிணற்று நிபுணரும் டீக்கடையில் சந்தித்தால் பேச்சு எப்படிப் போகும்? இப்படித்தான் போகும்:

"எங்க கிணத்துத் தண்ணி கெட்டுப்போகுமாங்க, சார்?"

"குழாயைச் சுத்தி சிமெண்டு ஒழுங்காப் பிடிச்சிருந்தா கெடாதுங்கய்யா."

"ஒழுங்காப் பிடிச்சிருக்கா?"

"அதைச் சோதிச்சுப் பார்ப்பாங்க. சோதனைச் சீட்டு இருக்கும்."

"அதை எங்களுக்குக் காட்டுவீங்களா?"

"அது கம்பெனிக்குப் போகுங்கய்யா."

பேச்சு அங்கே முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு மறியல்தான்.

பெரியவர்கள் சண்டை போட்டால்

இரண்டு பெரிய கம்பெனிகள் சண்டை போட்டால் என்ன செய்கிறார்கள் தெரியுமா?

ஆந்திராவின் கிருஷ்ணா-கோதாவரிக் கடலில் எண்ணெய்க் கழகத்துக்கும் ரிலையன்சுக்கும் பக்கத்துப் பக்கத்து இடம். "எங்கள் பக்கத்து வாயு பூமிக்கு அடியிலேயே ரிலையன்ஸ் பக்கம் ஓடிவிட்டது" என்று எண்ணெய்க் கழகம் புகார் சொன்னது. வரப்புச் சண்டைதான்! கடலுக்கு அடியில் நடந்த வரப்புச் சண்டை.

அவர்கள் மறியல் செய்யவில்லை. இருவரும் சேர்ந்து அமெரிக்காவிலிருந்து டிகோலியர் அண்ட் மெக்நாட்டன் என்ற ஆலோசனைக் கம்பெனியை அமர்த்தினார்கள். தோண்டுகிற வேலை அந்தக் கம்பெனிக்குக் கிடையாது. இருப்பைக் கணக்குப் பார்த்துச் சொல்வதே அதன் தொழில். 1936 முதல் நடந்து வருகிறது. இரு தரப்பும் தங்கள் ரகசியப் படங்களை அதனிடம் கொடுத்தார்கள். 2015 நவம்பரில் அது அறிக்கை தந்தது. சுமார் 1,100 கோடி கன மீட்டர் வாயு எல்லை தாண்டிப் போயிருக்கிறது என்றது. பிறகு வழக்கு நீண்டது. 2018-ல் நடுவர் மன்றம் ரிலையன்ஸ் பக்கம் சொன்னது. 2025 பிப்ரவரியில் டில்லி ஐகோர்ட்டு அரசாங்கத்தின் பக்கம் சொன்னது. சட்டத்தைப் பற்றிச் சண்டை தீரவில்லை. ஆனால் எவ்வளவு வாயு போயிற்று என்பதற்கு ஒரு கணக்கு இருந்தது.

பெரியவனுக்கும் பெரியவனுக்கும் சண்டை வந்தால் நடுநிலை நிபுணர் வருகிறார். பெரியவனுக்கும் சிறியவனுக்கும் சண்டை வந்தால் போலீஸ் வேன் வருகிறது. வித்தியாசம் இதுதான்.

நிபுணர் சொன்னால் எல்லாம் வேதவாக்கா? அதுவும் இல்லை. 2005-ல் குஜராத் அரசாங்கத்தின் பெட்ரோலியக் கம்பெனி இதே கிருஷ்ணா-கோதாவரிக் கடலில் 20 லட்சம் கோடி கன அடி வாயு இருப்பதாக அறிவித்தது. நாடே வியந்தது. கடைசியில் எடுக்கக்கூடியது அதில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குச் சுருங்கியது. கம்பெனி கடனில் மூழ்கித் தன் பங்கை எண்ணெய்க் கழகத்திடம் விற்றது. ஒரே நிபுணரை நம்பினால் இந்தக் கதிதான். இன்னொருவர் எடுத்துப் பார்க்க வேண்டும்.

ஹாலந்தில் நடந்தது

நம் டெல்டாவைப் போலவே தாழ்ந்த, சமதரையான நாடு ஹாலந்து. அங்கே க்ரோனிங்கன் என்ற விவசாயப் பிரதேசத்தில் 1959-ல் வாயு கிடைத்தது. ஐரோப்பாவிலேயே மிகப் பெரிய ஊற்று. அரசாங்கத்துக்குக் கோடி கோடியாக வருமானம்.

1986-ல் அந்தப் பக்கத்தில் பூமி அதிர்ந்தது. அதற்கு முன் பூகம்பமே அறியாத இடம். வாயு எடுப்பதுதான் காரணம் என்று மேன்ட் வான் டெர் ஸ்லூயிஸ் என்பவர் சொன்னார். அவர் பூகோளம் படித்தவர். எந்த எண்ணெய்க் கம்பெனியிலும் இல்லாதவர். கம்பெனிக்காரர்கள் அவரைப் பார்த்துச் சிரித்தார்கள். 1993-ல் அவர் சொன்ன தொடர்பை ஒப்புக்கொள்ள வேண்டி வந்தது. ஆனாலும் வாயு எடுப்பது நிற்கவில்லை. 2012-ல் பெரிய அதிர்ச்சி வந்தது. ஆயிரக்கணக்கான வீடுகளில் விரிசல். 2023 பிப்ரவரியில் அந்த நாட்டுப் பார்லிமெண்டு விசாரணைக் குழு, அந்தப் பிரதேச ஜனங்களின் நலனைப் பல ஆண்டுகள் ஒதுக்கிவிட்டார்கள் என்று சொல்லியது. அதே ஆண்டு அக்டோபரில் வாயு எடுப்பது நின்றது. 2024-ல் சட்டம் போட்டு மூடிவிட்டார்கள்.

டெல்டாவில் பூகம்பம் வரும் என்று பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. அந்த ஊற்றோடு பார்த்தால் நம்முடையது எறும்பு. கூலி வாங்காத ஒருவர் 1986-ல் சொன்னதைக் கேட்டிருந்தால் எத்தனை வீடுகள் தப்பியிருக்கும் என்பதற்காகச் சொல்கிறோம்.

சட்டம் வந்தது, பிறகு?

2020 பிப்ரவரியில் தமிழ்நாடு சட்டசபை ஒரு சட்டம் செய்தது. டெல்டா ஜில்லாக்களும், கடலூர், புதுக்கோட்டை ஜில்லாக்களின் சில பகுதிகளும் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம் ஆயின. புதிதாக எண்ணெய், வாயு தோண்டக் கூடாது. நல்ல சட்டம். ஆனால் முன்பே நடந்து வரும் வேலைகளுக்கு அது தடை இல்லை. நரிமணத்துக் குழாயும் கதிராமங்கலத்துக் குழாயும் அந்தச் சட்டத்தால் மூடப்படவில்லை.

சட்டம் வந்த பிறகும் டில்லியிலிருந்து அறிவிப்புகள் நிற்கவில்லை. 2021-ல் புதுக்கோட்டை வடதெருவுக்கு ஏலம் அறிவித்தார்கள். முதல்-மந்திரி ஸ்டாலின் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். 2023-ல் வடசேரி, மைக்கேல்பட்டி, சேத்தியாத்தோப்பு நிலக்கரி ஏலம் வந்தது. எதிர்ப்புக் கிளம்பியதும் எடுத்துவிட்டார்கள். 2025-ல் மண்டலத்துக்கு வெளியே ராமநாதபுரம் ஜில்லாவில் சோதனைக் கிணறுகளுக்கு அனுமதி கொடுத்துவிட்டு, பிறகு அனுமதிக்க மாட்டோம் என்றார்கள்.

இதில் ஒரு விஷயத்தை வாசகர்கள் கவனிக்க வேண்டும். 2020 ஜனவரி 16-ந் தேதி மத்திய சுற்றுச்சூழல் இலாகா ஒரு விதியை மாற்றியது. எண்ணெய் இருக்கிறதா என்று தேடிப் பார்க்கும் கிணறுகளுக்கு ஊராரைக் கூட்டிக் கருத்துக் கேட்க வேண்டியது இல்லை என்று ஆக்கியது. ஊருக்கு வாய் திறக்க இருந்த ஒரே சபையும் போயிற்று. மற்ற திட்டங்களுக்குச் சுற்றுச்சூழல் அறிக்கை எழுதுகிறார்களே, அதை எழுதும் ஆலோசகருக்குக் கூலி கொடுப்பது யார்? திட்டம் போடும் கம்பெனியேதான்! மாப்பிள்ளை வீட்டார் கூலி கொடுத்து அமர்த்தும் தரகர் மாப்பிள்ளையைப் பற்றி என்ன சொல்வார்?

2021-ல் மாநில அரசாங்கம் மண்ணுயிர் விஞ்ஞானி சுல்தான் அகமது இஸ்மாயில் தலைமையில் ஒரு குழு போட்டது. எண்ணெய்க் கிணறுகளால் டெல்டாவுக்கு என்ன பாதிப்பு என்று பார்க்கச் சொன்னது. இது சரியான வழி. ஆனால் ஒரு தடவை வந்து பார்க்கும் குழு போதாது. ஊருக்கு நிரந்தரமாக ஒருவர் வேண்டும்.

பணம் எங்கிருந்து வரும் என்பீர்கள். நிலத்தில் எடுக்கும் எண்ணெய்க்கு ராயல்டி மாநில அரசாங்கத்துக்குத்தான் போகிறது. இரும்பும் நிலக்கரியும் எடுக்கும் ஜில்லாக்களில் 2015 முதல் கனிம அறக்கட்டளை இருக்கிறது. சுரங்கக் கம்பெனிகள் அதில் பணம் கட்டுகின்றன. அந்த ஊர்களின் தண்ணீருக்கும் பள்ளிக்கும் அது செலவாகிறது. ஆனால் அந்தச் சட்டத்தில் பெட்ரோலியம் சேர்த்தி இல்லை! நெய்வேலிக்கு உள்ள உரிமை நரிமணத்துக்கு இல்லை. ராயல்டியில் நூற்றுக்கு ஒரு ரூபாயை ஒதுக்கினாலும் கிணறு உள்ள ஊராட்சிகள் சேர்ந்து ஒரு தனி நிபுணரை அமர்த்தலாம். கம்பெனியின் சிமெண்டுச் சோதனைச் சீட்டை அவர் வாங்கிப் பார்க்கட்டும். பார்த்ததைத் தமிழில் எழுதிக் கிராம சபையில் படிக்கட்டும்.

அப்படி ஒருவர் வந்தால் எப்போதும் நமக்குப் பிடித்ததையே சொல்வார் என்று எண்ண வேண்டாம். நாகை, வேதாரண்யம் பக்கத்தில் கிணற்று நீர் உப்பாவதற்குக் கடல் நீர் உள்ளே வருவதும், நாமே மோட்டார் வைத்து அளவுக்கு மீறி இறைப்பதும் பெரிய காரணங்கள். "இதற்கும் எண்ணெய்க் கிணற்றுக்கும் சம்பந்தம் இல்லை" என்று அவர் சொல்லக்கூடும். அதையும் கேட்டுக்கொள்ளத்தான் வேண்டும்.

நிபுணர் வரும்வரை குடும்பஸ்தர் செய்யக்கூடியது ஒன்று உண்டு. எண்ணெய்க் கிணற்றுக்கோ குழாய்க்கோ பக்கத்தில் நிலம் இருப்பவர்கள் தங்கள் கிணற்று நீரை இப்போதே சோதித்து வைத்துக்கொள்ளுங்கள். கெட்ட பிறகு சோதித்தால், "முன்பே இப்படித்தான் இருந்தது" என்று சுலபமாகச் சொல்லிவிடுவார்கள். முந்தைய சீட்டு கையில் இருந்தால் அப்படிச் சொல்ல முடியாது. குடிநீர் வடிகால் வாரியத்துக்கு ஜில்லா தோறும் சோதனைச் சாலை இருக்கிறது. கட்டணம் கட்டினால் சோதித்துத் தருவார்கள். சாதாரணக் குடிநீர்ச் சோதனையில் உப்பு, கடினம் போன்றவற்றைத்தான் பார்ப்பார்கள். எண்ணெய்க் கலப்பைப் பார்க்க வேண்டும் என்று தனியாகக் கேளுங்கள். அங்கே வசதி இல்லை என்றால் எங்கே செய்வார்கள் என்று எழுதி வாங்குங்கள். சீட்டில் தேதி, நிலத்தின் சர்வே நம்பர், கிணற்றின் ஆழம் மூன்றும் இருக்கிறதா என்று பார்த்து, பட்டாவோடு சேர்த்துப் பெட்டியில் வையுங்கள்.